தகடுகள் நிற்கும் திசை

வேனில் முதிர்ந்து நின்றது. காலையிலேயே கதிரவன் தன் கடுமையை அறிவித்துவிட்டுப் பகல் முழுதும் சொன்ன சொல் பிறழாமல் அதை நிறைவேற்றினான். தெருவோர மரங்கள் ஓர் இலையும் அசையாமல், பெருந்துயர் ஒன்றைக் கேட்டு வாயடைத்தவர்களைப்போல் நின்றன. தகரக் கூரைகள் சூடேறி விரியும்போது மெல்ல முனகின. பறவைகள் நிழலைத் தேடி, நிழலும் சுடவே, பிறகு எதையும் தேடாமல் இருந்தன. பகலெல்லாம் வாங்கிய வெம்மையைச் சுவர்கள் மாலையில் திருப்பித் தந்தன. வாங்கிக்கொள்ளத்தான் காற்று இல்லை. மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பேசியபோது அது சுட்டது.

அந்த வேனிலில்தான் அக்காவின் கைக்குக் கெட்ட பெயர் வந்தது.

தெருவில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் அழைத்தார்கள். டயர் கடைக்கு அடுத்த நீளமான முன்னறையில் அவளும் தம்பியும் ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள் செய்து விற்றார்கள், பழுதும் பார்த்தார்கள். இருவரும் ஒரே பழுதுக் கடையில், ஒரே மேசையின் இரு பக்கங்களில் உட்கார்ந்து தொழில் கற்றவர்கள். அவளுக்குத் தெரிந்தது அத்தனையும் அவனுக்கும் தெரியும். பேச்சு அவனுக்கு வாய்த்தது, கை அவளுக்கு வாய்த்தது; அதனால் கடையின் முன்பாகம் அவனுடையதாகவும் சன்னலோர மேசை அவளுடையதாகவும் ஆயின. மணமாகாமல் நின்றுவிட்ட அவளுக்கு அந்த மேசையே வீடு. "அக்கா கை பட்ட பெட்டியா? அப்ப அது நம்ம காலத்துக்கும் இருக்கும்" என்று வாங்குகிறவர்கள் சொல்வதைக் கேட்டும் கேளாதவள்போல் குனிந்துகொள்வாள். அவளிடம் இருந்த ஒரே ஆபரணம் அந்தச் சொல்தான்.

மேசையில் அவள் செய்த வேலை இது. ஒரு குரலைப் பெரிதாக்கும் பாரம் முழுவதும் பெட்டிக்குள் இருக்கும் கட்டைவிரல் அகல டிரான்சிஸ்டர்கள் சிலவற்றின் தலையில் விழுகிறது. உழைப்பது சுடும், சூடு போக வழியில்லாவிட்டால் வெந்துபோகும். ஆகவே அவற்றின் முதுகை ஓர் அலுமினியக் கட்டியோடு சேர்த்து முடுக்குவார்கள். கட்டியின் மறுபுறத்தில் சீப்பின் பற்களைப்போல் தகடுகள் வரிசையாக நீண்டிருக்கும். ஹீட் சிங்க் என்பது அதுவே. அது சூட்டை அழிப்பதில்லை, குளிர்ச்சியைப் படைப்பதுமில்லை. சிறிய முதுகில் குவிந்த சூட்டைத் தான் வாங்கி, அகலப் பரப்பி, தகட்டுக்குத் தகடு பகிர்ந்து, காற்றிடம் ஒப்படைக்கிறது. சூடான காற்று இலேசாகி மேலேறும். அது விட்டுச்சென்ற இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று வரும். எனவே தகடுகள் நிமிர்ந்து நிற்கவேண்டும், அவற்றின் இடுக்குகள் புகைபோக்கிபோல் வானம் நோக்கித் திறந்திருக்கவேண்டும்.

டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத்துக்கும் இடையில் மைக்கா ஏடு ஒன்றை வைப்பாள். அது சூட்டை விடும், மின்சாரத்தை விடாது. கண்ணுக்கு வழவழவென்று தெரியும் உலோகத்திலும் நுண்குழிகள் உண்டு. அவற்றில் காற்று தங்கினால் சூடு கடக்கத் தயங்கும். அதற்காக ஏட்டின் இருபுறமும் வெள்ளைப் பசை தடவவேண்டும். குறைந்தால் குழி நிரம்பாது. மிகுந்தால் பசையே சுவராகிவிடும். பாலாடையைவிட மெல்லிதாக அவள் விரல் அதைப் படரவிடும்.

பழுதுக்கு எது வந்தாலும் அவள் முதலில் தேடுவது அந்தக் கட்டியைத்தான். கணினியின் மூளைமேல் சிறு விசிறியைத் தலையில் சுமந்துகொண்டு அது இருக்கும். எல்.இ.டி. விளக்குகளின் முதுகில் வரிவரியாக இருக்கும். இன்வெர்ட்டரிலும் வெல்டிங் பெட்டியிலும் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருக்கும். தகடு நீட்ட இடமில்லாத கைபேசிக்குள்கூட மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும். எங்கெல்லாம் ஒரு சிறு பொருள் பெரிதாக உழைக்கிறதோ அங்கெல்லாம் அதன் பின்னால் இப்படி ஒன்று ஓசையின்றிச் சூட்டை வாங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முந்திய மழைக்காலத்தில் தம்பி ஒரு புதுப்பெட்டியின் படத்தோடு வந்தான். பழைய பெட்டியில் ஹீட் சிங்க் பின்புறத்தில், வெளியே, நிமிர்ந்து நிற்கும். புதியது தட்டையானது, முகம் கண்ணாடிபோல் மின்னும், திருகாணி ஒன்றும் வெளியே தெரியாது. அந்த உயரத்துக்குள் அடங்கவேண்டி ஹீட் சிங்கை உள்ளே படுக்கவைத்து, மேலே முழுமூடி போட்டிருந்தான்.

அக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காத்து எங்கடா ஏறும்?"

"அக்கா, பழைய பெட்டியைப் பார்த்தா ரொட்டி சுடற அடுப்பு மாதிரி இருக்குன்னு கேலி பண்றாங்க. ஜனங்க பாட்டையே கண்ணாலதான் கேக்கறாங்க இப்பல்லாம்."

"அவங்க கண்ணால கேக்கட்டும். இது கண்ணாலயா மூச்சு விடும்?"

"அதான் கட்டியைப் பெருசாப் போட்டிருக்கேனே! நான் ஒண்ணு ஆரம்பிச்சா போதும், உடனே நீ முட்டுக்கட்டை போடணும். பொறந்தப்பவே திருப்புளியும் கையுமா பொறந்தியா?"

"உன்னைச் சரிபண்ணத்தான்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

பெட்டிகள் செய்யப்பட்டன. சோதனையும் நடந்தது. அந்தத் தொழிலில் எவரும் செய்வதுபோல் மூடியைத் திறந்துவைத்தே சோதித்தார்கள். ஏதாவது பிசகினால் உடனே கைவைக்க வசதி. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சன்னல் வழியே ஈரக்காற்று வந்து திறந்த பெட்டிகளுக்குள் தாராளமாக உலவிற்று. முழுச் சத்தத்தில் பாடவிட்டும் அலுமினியம் இளஞ்சூட்டைத் தாண்டவில்லை. தாயின் கைபோல் இருக்கிறது என்றான் தம்பி. அக்கா ஒவ்வொன்றின் அடியிலும் 'சரி' என்னும் சிறு சீட்டை ஒட்டி, அதன்பிறகு மூடியை முடுக்கினாள். மூடிய பெட்டியை மீண்டும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை. அல்லது தோன்றியதை இருவருமே சொல்லவில்லை.

வேனில் வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

வழிபாட்டுக் கூடத்தின் தலைவர் தாமே ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். உடன் அந்தக் கூடத்தின் பாடகர். கணீரென்ற குரலால் அவருக்கு வெண்கலம் என்றே பெயர் நிலைத்திருந்தது. தலைவர் பெட்டியை மேசைமேல் வைத்துத் தம் கையை உதறினார்.

"பாட்டு உச்சிக்குப் போகுது, பெட்டி டப்புன்னு போகுது. என்னங்க இது?"

"நான் வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கிட்டு நிக்கறேன், கரையில போட்ட மீன் மாதிரி" என்றார் வெண்கலம். "முன்வரிசைப் பெரியவர் கண்ணைத் திறந்து, 'முடிஞ்சுதா, எழுந்திருக்கலாமா'ன்னு கேக்கறார். கடவுளுக்கே சிரிப்பு வந்திருக்கும்."

தலைவர் சிரிக்கவில்லை. "புதுசாக் கட்டற பெரிய கூடத்துக்கு மொத்த வேலையும் உங்ககிட்டயே தரலாம்னு பேசி வெச்சிருந்தோம். இப்ப யோசனையா இருக்கு. குறை எங்க? பெட்டியிலயா?"

தம்பி பெட்டியைத் திறந்து பார்த்தான். ஒரு டிரான்சிஸ்டர் கருகிப் பிளந்திருந்தது. அவன் பார்வை படுத்திருந்த தகடுகள்மேல் ஒரு கணம் தங்கி, விலகியது. அக்கா அதைக் கண்டாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"பெட்டியில குறை இல்லைங்க" என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி, ஒரு குடும்ப இரகசியம் சொல்பவனைப்போல. "கைவேலையில. அக்காவுக்கு இப்ப முன்ன மாதிரி கண்ணு தெரியறதில்லை. பசை ஒரு பக்கம் கூடுது, ஒரு பக்கம் குறையுது. கூடப்பொறந்தவங்க, எப்படி மனசு வரும், எழுந்திருன்னு சொல்ல? வேற ஆள் போட்டுடறேன். பொறுப்பு என்னுது."

அவள் கையில் அப்போது இடுக்கியும் அதன் நுனியில் ஒரு மைக்கா ஏடும் இருந்தன. சன்னல் வெளிச்சத்தில் அந்த ஏட்டின் ஓரத்திலிருந்த மயிரிழை வெடிப்பு அவள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஏட்டை ஒதுக்கிவைத்தாள். தலைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவர்கள் போனபின் கேட்டாள். "என் கண்ணுக்கு என்னடா?"

"அக்கா, கொஞ்சம் யோசி. பெட்டியில குறைன்னு ஒத்துக்கிட்டா வித்தது அத்தனையும் திரும்பி வரும். கடை இருக்காது. ஆள்கிட்ட குறைன்னா ஆளை மாத்தினதோட போச்சு. வெயில் இறங்கற வரைக்கும்தான். அதுக்குள்ள நான் டிசைனை மாத்திடறேன், ஒருத்தருக்கும் தெரியாம."

"அதுவரைக்கும் நான் குருடி."

"குடும்பத்துல யாராவது ஒருத்தர் சூட்டை வாங்கிக்கணும்கா. வெளியாளை வாங்கிக்கச் சொல்ல முடியுமா? நீன்னா தாங்குவே."

அவள் இடுக்கியை மேசைமேல் வைத்தாள். "உனக்கா நான் சொல்லித் தரணும்? வாங்கிக்கறதோட அந்தக் கட்டிக்கு வேலை முடியறதில்லடா. வாங்கினதை வெளிய விடணும். விட வழியில்லாம மூடி வெச்சா அதுவும் சேர்ந்து வேகும்."

"தத்துவம் பேச நேரமில்லை" என்று அவன் எழுந்துவிட்டான்.

புது ஆள் வந்தான். நடு வயது, எங்கோ மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தவன். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன் என்று முதல்நாளே சொன்னான், அதுவே தன் தகுதிச் சான்று என்பதுபோல. சன்னலோர மேசை அவனுக்குப் போயிற்று. அக்கா மாடி அறையில் உட்கார்ந்து, வந்த டப்பாக்களிலிருந்து திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்தாள். குருடிக்கு அது போதும் என்று தம்பி எண்ணவில்லை; எண்ணியதுபோல் காட்டவேண்டியிருந்தது. காட்டக் காட்ட எண்ணமும் வந்துவிடும்போலும். ஒரு நாள் அவனே, "படி பார்த்து இறங்குக்கா" என்றான். பிறகு தன் நாவைக் கடித்துக்கொண்டான்.

பேச்சு தெருவெங்கும் பரவியிருந்தது. டயர் கடைக்காரர் எதிர்ச்சுவரைக் காட்டி வம்புக்கு இழுத்தார். "அக்கா, அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு, படிங்க பாப்போம்!"

"'இங்கே வண்டி நிறுத்தாதீர்'னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழே உன் வண்டி நிக்கறதும் தெரியுது. உன் முன்பல்லுல காலைல தின்னது ஒட்டிக்கிட்டிருக்கறதும் தெரியுது."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் வென்றாள்தான். ஆனால் இப்படித் தெருவில் நின்று தன் கண்ணுக்குச் சாட்சி சொல்லவேண்டி வந்ததே என்று எண்ணிக்கொண்டே மாடியேறினாள்.

அந்த வாரத்தில் புது ஆள் மாடிக்கு வந்து வாசலிலேயே நின்றான். "அக்கா, ஒரு சந்தேகம். இந்தக் கட்டி இப்படிப் படுத்துத்தான் இருக்கணுமா? எங்க பழைய ஃபேக்டரியில நிமிர்த்தித்தான் வெப்போம்."

உண்மை அவள் நாவின் நுனிவரை வந்தது. கடை, தம்பி, சேர்ந்து கற்ற காலம் எல்லாம் அதன் குறுக்கே நின்றன. "முதலாளியைக் கேளுப்பா" என்றாள்.

அவன் கேட்டானோ இல்லையோ, தெரியாது. தகடுகள் படுத்தே இருந்தன.

ஒரு நண்பகல். கூடத்திலிருந்து ஆள் வந்தது. எல்லாரும் உடனே வரவேண்டுமாம், அக்காவும். தம்பியும் புது ஆளும் முன்னே போக, அவள் பின்னே நடந்தாள். கூடத்தில் வழிபாடு பாதியில் நின்று, மக்கள் கலைந்துவிட்டிருந்தார்கள். கருகிய நெடி இன்னும் தங்கியிருந்தது. புது ஆள் செய்து மாற்றிக் கொடுத்த பெட்டியிலிருந்து இம்முறை புகையே கிளம்பி, பக்கத்துத் திரையின் ஓரம் பழுப்பேறிவிட்டிருந்தது. திரைக்குக் கீழேதான் குழந்தைகள் உட்கார்வது வழக்கம் என்றார் தலைவர்.

"இப்ப யார் கண்ணு போச்சு?" என்று கேட்டார்.

வெண்கலம் மெதுவாகச் சொன்னார்: "அதான் அக்காவையும் கூப்பிடச் சொன்னேன்."

தம்பி பெட்டியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், புது ஆளைப் பார்த்தான். அந்தக் கடைசிப் பார்வையில் அவன் எங்கே போகிறான் என்பது அக்காவுக்கு விளங்கிவிட்டது.

"ஆளு புதுசுங்க" என்று தொடங்கினான். "கை இன்னும் பழகலை. நான்தான் அவசரப்பட்டு..."

புது ஆள் தன் இரு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டான். குற்றம் அங்கே எழுதியிருக்குமோ என்று தேடுபவனைப்போல. வேலை இழந்து பழகியவர்களுக்கு மறுத்துப் பேசும் பழக்கம் போய்விடுகிறது.

"போதும்டா" என்றாள் அக்கா.

குரல் உயரவில்லை. ஆனால் வெற்றுக் கூடத்தில் அது எல்லார் காதிலும் விழுந்தது.

"இவர் கையில குறை இல்லைங்க. என் கையிலயும் இல்லை. பெட்டிதான் தப்பு. சூடு மேலேறிப் போகணும். தகட்டைப் படுக்கப்போட்டு மூடியையும் போட்டா எங்க போகும்? மழைக்காலத்துல மூடியைத் திறந்து வெச்சுச் சோதிச்சோம். 'சரி'ன்னு ஒட்டினது நான். அதனால பாதித் தப்பு என்னுது. வெளிய போன இந்த மாதிரிப் பெட்டி அத்தனையும் இப்படித்தான் போகும். யாரும் போடாதீங்க. திருப்பி வாங்கிக்கறோம்."

"அக்கா!" என்றான் தம்பி.

அவள் மேடையோரத்திலிருந்த, அதே மாதிரியான இன்னொரு பெட்டியிடம் போனாள். அது காலையிலிருந்து மெல்லிய ஓசையில் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் பழுதாகவில்லை. மின்சாரத்தை நிறுத்தித் திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தாள். உள்ளிருந்து வெம்மை முகத்தில் அறைந்தது. "தொட்டுப் பாரு" என்றாள் தம்பியிடம். அவன் கை நீட்டவில்லை. தலைவர்தான் விரலை வைத்து, ஸ்ஸென்று இழுத்துக்கொண்டார்.

பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்திவைத்து, தகடுகள் மேல்நோக்கி நிற்கும்படி திருப்பி, மீண்டும் மின்சாரம் கொடுத்தாள். வெண்கலம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட பாட்டைத் தொடக்கமுதல் முடிவுவரை முழுக்குரலில் பாடினார். பாட்டு எங்கும் அறுபடவில்லை. முடிந்தபின் தலைவர் அதே இடத்தில் விரல் வைத்தார். பிறகு உள்ளங்கையையே வைத்தார். எடுக்கவில்லை.

ஆனால் உண்மைக்கு அங்கே நன்றி காத்திருக்கவில்லை. தலைவர் முன்பு சுட்டுக்கொண்ட தம் விரலை ஊதிக்கொண்டே, "புதுக் கூடத்து வேலையை நாங்க வேற இடத்துல பார்த்துக்கறோம்" என்றார். அக்காவின் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சிருந்தும் இத்தனை நாள் வாயைத் திறக்கலையேம்மா நீங்களும். குழந்தைங்க உக்கார்ற இடம்." அவள் கழற்றிய திருகாணிகளைப் பொறுக்கி மூடிமேல் வைத்தாள்.

வாசலில் புது ஆள் அவளுக்காக நின்றான். "என்னைக் காப்பாத்தினீங்க அக்கா" என்றான். பிறகு, கடிந்துகொள்ளாமல், கணக்குத் தெரிந்தவன் சொல்வதுபோல் சொன்னான்: "கடை மூடிடும்ல? நாளைக்கு நான் எங்க போவேன்?"

அவன் வெயிலில் இறங்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பி பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் முகம் வெந்து சிவந்திருந்தது. "சந்தோஷமா? ஊரறிய என் வாயில மண்ணைப் போட்டுட்டே. ஒரு வெயில் காலம்! ஒரே ஒரு வெயில் காலம் உன்னால பொறுத்துக்க முடியலையா?"

"நான் பொறுத்துக்கிட்டுத்தான்டா இருந்தேன். நீ அடுத்த ஆளைத் தேடினே."

"இனிமே கடைப்பக்கம் வராதே. அக்கா தம்பியெல்லாம் இன்னியோட சரி."

அவள் தலையசைத்தாள், வழக்கமான ஒரு வேலையை ஒப்புக்கொள்பவளைப்போல. தன் மேசையை அவள் இரண்டாம் முறை இழந்தாள். முதல்முறை பொய்யால், இம்முறை மெய்யால். இழப்பில் வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. கைக்கு மட்டும் நல்ல பெயர் திரும்பியிருந்தது. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யத்தான் இடமில்லை.

மீண்டும் கூடத்துக்குள் போனாள். யாரும் இல்லை. வெண்கலமும் போய்விட்டிருந்தார். ஒலிவாங்கி அணைந்து கிடந்தது. கடைசி வரிசையில், தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தபோது விரலிடுக்கில் ஒட்டிய பசையைத் துணியால் துடைத்தாள். கை கூப்பினாள். கேட்பதற்கு ஏதேனும் உண்டா என்று மனத்துக்குள் தேடினாள். கண்ணைக் கேட்கவேண்டியதில்லை, அது நன்றாகவே இருந்தது. மேசையைக் கேட்க வாய் கூசிற்று. ஆகவே எதையும் கேளாமல், சிறுவயதில் தாய் மடியில் பாடமான துதியொன்றை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, ஒரு சொல்லும் விடாமல், உதடு மட்டும் அசையச் சொல்லி முடித்தாள். சொல்லி முடித்ததும் நெற்றி தரையில் பட வணங்கினாள். தரை குளிர்ந்திருந்தது.

வெளியே வந்தபோது தம்பி வண்டியை உயிர்ப்பித்திருந்தான். அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பக்கத்தில் போய், அவன் தட்டிவிடுவான் என்று தெரிந்தும், அவன் உச்சியில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை, திரும்பவும் இல்லை.

"நல்லா இரு தம்பி" என்றாள். "நீ செய்யறதெல்லாம் விளங்கட்டும். யாரையும் சுடாம விளங்கட்டும்."